பையன் பள்ளிக்கு வந்த சமூகப் பணியாளர் மேடம்: ஒரு அம்மாவின் ரிவ்யூ

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். மேடத்துக்கு மட்டும் என்றால் நாலரை, பள்ளியையும் சேர்த்துப் பார்த்தால்தான் குறைகிறது.

என் பையன் ஏழாவது படிக்கும்போது அவன் பள்ளிக்கு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுகலை) முடித்த ஒரு மேடத்தை ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பியது (அரசு உதவி பெறும் பள்ளி, பெயர் வேண்டாம்). வாரத்தில் மூன்று நாள் வருவார், கட்டணம் கிடையாது. அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் "உங்க பையன் சோம்பேறிம்மா, கவனமே இல்ல" என்பதுதான். புள்ளி வைக்க மாட்டான், அம்மா என்று எழுதச் சொன்னால் அமமா என்று எழுதி வைப்பான், ர எங்கே ற எங்கே என்று இன்றைக்கும் தடுமாறுகிறான், நானும் அடித்திருக்கிறேன்.

மேடம் மார்க் ஷீட்டைக் கேட்கவே இல்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "தம்பி வியாழக்கிழமை மட்டும் ஏம்மா வரதில்ல?" என்றார். நாங்கள் யாரும் கவனித்ததில்லை, வயிற்றுவலி என்பான், சரி படுத்துக்கோ என்று விட்டுவிடுவேன். வியாழக்கிழமைதான் தமிழில் சொல்வதை எழுதுதல். ஏழெட்டு வருடம் பாடம் நடத்தியவர்களுக்கும் பெற்றவளுக்கும் தெரியாதது பதிவேட்டில் ஒரு பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

அப்புறம் அவர் செய்ததுதான் முக்கியம். வகுப்பு ஆசிரியை, வட்டார வள மையத்திலிருந்து மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக வரும் சிறப்பாசிரியர், நான், மூன்று பேரையும் சயின்ஸ் லேபில் ஒன்றாக உட்கார வைத்தார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முன் பெஞ்ச், எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்லக் கூடாது, பாதி கேள்விக்கு வாயால் பதில் சொன்னால் போதும். இவ்வளவுதான் முடிவு, ஆனால் அதை ஒரு தாளில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். வியாழக்கிழமை வயிற்றுவலி ஒரே மாதத்தில் நின்றுவிட்டது.

பையனுக்கு எழுத்து, வாசிப்பில் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க அரசு மருத்துவமனைக்கு அனுப்பியதும் அவர்தான். கற்றல் குறைபாடும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருக்கிறது, சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்கலாம், சொல்வதை எழுத ஆள் கேட்கலாம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் கேட்கலாம். இதையெல்லாம் எனக்கு முதலில் சொன்னவர் அவர். மருத்துவமனைக்கு மூன்று தடவை அலைந்தேன், மூன்று நாள் கூலி போச்சு, அதை அவர்மேல் போட முடியாது.

இப்போது குறை. எங்கள் வீட்டுக்குக் கடன்காரர் வந்து சத்தம் போட்டதை, பையன் ராத்திரி தூங்காததற்குக் காரணமாக அவரிடம் சொல்லியிருந்தேன். அது ஸ்டாஃப் ரூம் வரைக்கும் போய், பி.டி. சார் ஒருநாள் கிரவுண்டில் வைத்து அவனிடமே கேட்டுவிட்டார். சேர்ந்து வேலை செய்வது என்றால் எல்லாருக்கும் எல்லாமும் தெரிய வேண்டும் என்று அர்த்தமா? வாசிக்க வரவில்லை என்பது பி.டி. சாருக்குத் தெரிந்தால் நல்லதுதான், கடன் எதற்கு? மேடம் மன்னிப்புக் கேட்டார், அதன் பிறகு வீட்டு விஷயங்களைத் தனி நோட்டில் எழுதிப் பூட்டி வைத்தார். பையன் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

இன்னொன்று, திட்டம் இரண்டு வருடத்துக்குத்தானாம். சென்னையில் சமூகப் பணிக்கென்றே 1952-ல் கல்லூரி தொடங்கிவிட்டார்கள், ஆனால் பள்ளியில் இந்த வேலைக்கு நிரந்தரமாக ஒரு ஆளைப் பார்ப்பது இன்னும் அபூர்வம். மார்ச்சோடு மேடம் போய்விட்டார். ஜூனில் வந்த ஒன்பதாம் வகுப்பு டீச்சர் முதல் வாரமே அவனை எழுப்பி நிற்க வைத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் பீரோவில் இருக்கிறதாம், சாவி யாரிடம் என்று தெரியவில்லையாம்.

உங்கள் பள்ளியில் இப்படி யாராவது வந்தால் தாராளமாகப் போய்ப் பேசுங்கள், ஆனால் எழுதுகிற எல்லாவற்றிலும் ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கிவிடுங்கள், எதை யாரிடம் சொல்வார் என்பதையும் முதல் நாளே கேளுங்கள். இந்த மாதம் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், புதன், வெள்ளி மட்டும்தான். என்னிடம் இருந்த மருத்துவமனைத் தாள்களை அவர் கையில் கொடுத்துவிட்டு, பீரோ சாவியைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.