பழைய காரில் ஆயில் ஒழுக்கு: எது நம் கைவேலை, எது மெக்கானிக் வேலை?

நீலகிரியில் பழைய மாருதி 800-உம் ஆம்னியும் இன்னும் நிறையவே ஓடுகின்றன. 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. அதே 796 சிசி என்ஜினோடு ஆம்னி 2019 வரை வந்தது. அதனால் பேக்கிங் (இரண்டு பாகங்கள் சேருமிடத்தில் வைக்கும் அடைப்பு), ஆயில் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையம்) போன்ற சில்லறைச் சாமான்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. குறுகலான ரோடு, ஒற்றை வண்டி மட்டுமே நுழையும் ஏற்றம் என்று நம் ஊர் அமைப்புக்கு இவை ஒத்துப்போகிற வண்டிகள். யாரும் லேசில் விற்க மாட்டார்கள்.

ஆனால் பதினைந்து வருஷம் தாண்டிய என்ஜினில் எங்காவது ஓரிடத்தில் ஆயில் கசியத்தான் செய்யும். அப்போது நான்கு வழிகள் இருக்கின்றன. குறையக் குறைய ஊற்றி ஓட்டலாம், ஒழுக்கை நிறுத்தும் மருந்து பாட்டில் வாங்கி ஊற்றலாம், நாமே பிரித்துப் பேக்கிங் மாற்றலாம், மெக்கானிக்கிடம் விடலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்த்து முடிவு செய்பவர்கள்தான் அதிகம். நான் முதலில் பார்ப்பது, ஒழுகும் ஆயில் எதன்மேல் விழுகிறது என்பதை.

சம்ப்பின் (என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) டிரெய்ன் போல்ட்டிலிருந்து நாளைக்குப் பத்து சொட்டு விழுந்தால் வாசல் கறையாகும், அவ்வளவுதான். அதே பத்து சொட்டு, வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட்டில் பட்டால் பெல்ட் ஊறிக் கெட்டுவிடும். கிளட்ச் பிளேட்டில் பட்டால் ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கும். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் கேபினுக்குள் நெடி ஏறும். தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

முதலில் ஊற்றுக்கண் எங்கே?

சொட்டு விழும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. ஆயில் மேலிருந்து வழிந்து வரும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சரிவில் நிறுத்தினால், எங்கே கசிந்தாலும் சம்ப்பின் தாழ்ந்த முனையில் வந்துதான் சொட்டும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியும் சரிவில் பொய்க்கணக்குக் காட்டும். வீட்டு வாசல் சரிவாக இருந்தால், பெட்ரோல் பங்க் மாதிரி சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து நிமிஷம் விட்டு அளவு பாருங்கள்.

ஆறிய என்ஜினை டீசலும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவிக்கொள்ளலாம். கோத்தகிரியிலிருந்து தொட்டபெட்டா பக்கம் ஏறுவதுபோல ஒரு நல்ல ஏற்றம் ஓட்டிவிட்டு வந்து, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஈரம் தெரிகிற மிக உயரமான இடம்தான் ஊற்றுக்கண். கறுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் கியர் ஆயில். சக்கரத்தின் உட்பக்கம் தண்ணீர் மாதிரி மெல்லிசாக வழிந்திருந்தால் பிரேக் ஆயில் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி வகையில் நான்கு வழிகளை ஒப்பிடும் பேச்சே கிடையாது. அந்த வண்டியை மலையிறக்கவே கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

ஊற்றி ஓட்டுவதும் மருந்து பாட்டிலும்

ஒழுக்கு தரையில் மட்டும் விழுகிறது, வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பார்க்கிற பழக்கமும் இருக்கிறது என்றால் ஊற்றி ஓட்டுவதில் தவறில்லை. ஆனால் சமவெளிக்காரர்கள் விடுகிற அளவுக்கு இங்கே ஆயிலைக் குறைய விடக்கூடாது. செங்குத்து ஏற்றத்திலும் கொண்டை ஊசி வளைவிலும் சம்ப்பில் இருக்கும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும். மட்டம் குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். வளைவில் திரும்பும்போது மட்டும் சிவப்பு ஆயில் விளக்கு ஒரு கணம் மின்னி அணைந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அங்கேயே ஓரங்கட்டி அளவு பார்க்க வேண்டும்.

மருந்து பாட்டிலை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். வயதாகி இறுகிப்போன ரப்பர் சீலைக் கொஞ்சம் இளக்கி உப்ப வைப்பதுதான் அதன் வேலை. அதனால் கிராங்க் சீல் (என்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முனையில் இருப்பது) லேசாகக் கசிகிற வண்டியில் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பலன் தெரியலாம். கிழிந்த சீல், தேய்ந்த ஷாஃப்ட், நொறுங்கிய கார்க் பேக்கிங் ஆகியவற்றில் அது ஒன்றும் செய்யாது. கியர் பாக்ஸை எப்படியும் இறக்க வேண்டிய கிளட்ச் வேலை வரும்வரை நாளைக் கடத்த உதவும், அதற்குமேல் நம்ப வேண்டாம்.

ஒழுக்கு நிற்கட்டும் என்று கெட்டியான ஆயிலுக்கு மாறுகிறவர்களும் உண்டு. கோயம்புத்தூர் வெயிலில் அது சரிப்பட்டு வரலாம். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற காலையில், கெட்டி ஆயில் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் வரை ஏறுவதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும். கையேட்டில் சொன்ன கிரேடுதான் இங்கே நல்லது.

நாமே செய்வது

தைரியமாக இறங்கக்கூடிய வேலைகள் டேப்பட் கவர் (என்ஜின் உச்சியிலுள்ள மூடி) பேக்கிங், டிரெய்ன் போல்ட் வாஷர், ஆயில் ஃபில்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச். பிரஷர் சுவிட்சில் நடுவிலுள்ள ஒயர் முனை வழியாகவே ஆயில் கசியும். ஒயரைக் கழற்றிப் பார்த்து உள்ளே ஈரமாக இருந்தால் சுவிட்சையே மாற்றிவிடுங்கள்.

டேப்பட் கவர்தான் பழைய வண்டிகளில் முதலில் கசிகிற இடம், கற்றுக்கொள்ளவும் அதுதான் நல்ல வேலை. கவரைக் கழற்றியதும் பழைய பேக்கிங் தகடுபோல இறுகி, விளிம்பில் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். அதை மழுங்கிய பிளேடால் பொறுமையாகச் சுரண்ட வேண்டும். திறந்திருக்கும் என்ஜினுக்குள் துண்டு விழாமல் இருக்க, சுரண்டும்போது உள்பக்கம் சுத்தமான துணியைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள். துணியால் துடைத்தபின் இரண்டு முகத்திலும் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒரு சிறு பிசிறு இருந்தாலும் அங்கே மறுபடி கசியும். புதுப் பேக்கிங்கை வைத்து, போல்ட்டுகளை விரலால் முறுக்கி உட்காரவைத்து, அப்புறம் சின்ன ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாவற்றையும் ஒரே அளவாக இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் பேக்கிங் பிதுங்கி முன்பைவிட அதிகமாக ஒழுகும். சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசுவதும் வேண்டாம். உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் உதிர்ந்தால் ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும்.

புதுப் பேக்கிங் போட்டும் சீக்கிரமே கசிகிறதா? என்ஜின் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் அதன் ஹோஸையும் பாருங்கள். என்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேற வழியில்லாவிட்டால் அழுத்தம் ஏறி ஒவ்வொரு சீல் வழியாகவும் ஆயிலை வெளியே தள்ளும். குளிரிலும் மழையிலும் கடைக்கும் ஸ்கூலுக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் என்ஜின் முழுசாகச் சூடாகாது. உள்ளே நீர் கோத்து, ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் நிறத்தில் ஒரு பசை படியும். அதே பசைதான் ஹோஸையும் அடைக்கிறது. பசையைக் கண்டதும் ஹெட் கேஸ்கட் (என்ஜின் பிளாக்குக்கும் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவிலுள்ள பேக்கிங்) போய்விட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. ரேடியேட்டர் தண்ணீர் குறையாமல் இருந்தால், ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

அடியில் நுழைய வேண்டிய வேலையை மட்டும் சரிவில் செய்யவே கூடாது. 800 முன்சக்கர டிரைவ் வண்டி. முன்பக்கம் ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாலே அந்தச் சக்கரம் சும்மா சுழலும், கியரில் போட்டிருந்தாலும் வண்டி நிற்காது. பிறகு ஹேண்ட் பிரேக்கும் கட்டையும்தான் பிடி. சமதளம், ஸ்டாண்டு, கட்டை மூன்றும் இல்லையென்றால் டிரெய்ன் போல்ட் வாஷரைக்கூட மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் விடும்போது

டைமிங் பக்கத்து கேம், கிராங்க் சீல்கள், பின்பக்க கிராங்க் சீல், சம்ப் பேக்கிங், ஹெட் கேஸ்கட் எல்லாம் கடை வேலை. முன்பக்க சீல்களை டைமிங் பெல்ட் மாற்றும்போதே சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பின்பக்க சீல் சின்னச் சாமான்தான். ஆனால் அதை மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும், கூலிதான் பெரிசு. மலையில் ஓடும் வண்டிக்குக் கிளட்ச் பிளேட் எப்படியும் சீக்கிரம் தேயும். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் ஒரே கூலி.

கியர் பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். கார்புரேட்டர் 800-இலும் ஆம்னியிலும், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் கியர் பாக்ஸ் பக்க முனையில் இருக்கிறது. அதன் ஓ-ரிங் கசிந்தால் ஆயில் அப்படியே கியர் பாக்ஸ் கூட்டின்மேல் வழிந்து, பார்ப்பதற்குப் பின்பக்க சீல் போனதுபோலவே இருக்கும்.

ஊர் மெக்கானிக்கா, மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் கடையா? ஒழுக்கு வேலைக்கு என் ஓட்டு ஊர் மெக்கானிக்குக்கே. கீழே லிஃப்ட் உண்டு, கேட்ட சாமான் உடனே கைக்கு வரும்; பெரிய என்ஜின் வேலைக்கு அது வேண்டும்தான். ஆனால் அங்கே சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள். ஏற்றத்தின் பாரத்தில் மட்டும் கசிகிற இடம் அதில் தெரியாது. கீழே வேலை பார்த்திருந்தால், திரும்பும்போது மலைப்பாதையிலுள்ள பர்லியாரில் ஓரமாக நிறுத்தி ஒருமுறை, குன்னூர் வந்ததும் ஒருமுறை அடியில் குனிந்து பாருங்கள்.

சில வண்டிகளில் ஒரு சொட்டுகூடக் கீழே விழாது, ஆனால் ஆயில் குறையும். இரண்டாவது கியரில் மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கிவிட்டு, அடிவாரத்துக் கல்லாறு தாண்டி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப்புகை வந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சல் ஆயிலை வால்வு வழியாக உள்ளே இழுக்கிறது. இதற்குப் பேக்கிங் மாற்றிப் பயனில்லை, மெக்கானிக்கிடம் வால்வு சீல் என்றே சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் ஆயில் மாற்றுகிறவர்கள் பழைய ஆயிலைச் சாக்கடையிலோ தேயிலைத் தோட்ட ஓரத்திலோ கொட்டாதீர்கள். இங்கே ஓடையில் கலப்பது பெரும்பாலும் பவானிக்கோ மாயாற்றுக்கோதான் போகிறது. கேனில் ஊற்றி இறுக்கமாக மூடி, பழைய ஆயிலை டிரம்மில் சேர்த்து மறுசுத்திகரிப்புக்குக் கொடுக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் கொடுங்கள்.