கேரவனுக்குப் பின்னால் ஜீப்பைக் கட்டி இழுக்க முன்பணம் கொடுக்கும் முன்

கேரவனுக்குப் பின்னால் காரையோ ஜீப்பையோ பூட்டி இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லி, கிருஷ்ணகிரியில் பெங்களூரு சாலையோரம் உள்ள ஒரு பட்டறை எங்களிடம் வாங்கிய பணத்தையும், அதற்குச் செய்து கொடுத்த வேலையையும், அதே யோசனையில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் கேரவன் பழைய டெம்போ டிராவலரில் கட்டியது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைப்பாதைகளில் அதை ஓட்டிப் போவது சிரமம் என்பதால், வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு மேலே போக எங்கள் மாருதி ஜிப்ஸியையும் கூடவே இழுத்துச் செல்லலாம் என்று நானும் என் மைத்துனரும் நினைத்தோம். "ஃபாரின்ல எல்லாரும் இப்படித்தான் சார் போறாங்க" என்று பட்டறை உரிமையாளர் கைப்பேசியில் அமெரிக்க வீடியோ ஒன்றைக் காட்டினார். அவர் காட்டியது பொய்யில்லை. அந்நாட்டில் இது பழகிப்போன முறைதான். ஆனால் அங்கே இழுக்கப்படும் காரின் சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) போல்ட் போட்டு இறுக்கிய அடித்தகடு, அதை முன்வண்டியோடு பிணைக்கும் டோ பார், அது கழன்றாலும் வண்டியை விடாத இரண்டு பாதுகாப்புக் கம்பிவடங்கள், தனி விளக்கு வயரிங், முன்வண்டி பிரேக் பிடிக்கும்போது பின்வண்டியின் பிரேக்கையும் அழுத்தும் கருவி, இணைப்பு அறுந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் சுவிட்ச் என்று இத்தனையும் சேர்ந்துதான் ஒரு செட். கூலியோடு அதற்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். எங்களுக்குச் சொல்லப்பட்ட விலை 65,000 ரூபாய். ஜிஎஸ்டி எண் இல்லாத தாளில் ஒரே வரியாக எழுதித் தந்தார்கள். பொருள்வாரியாகப் பிரித்துக் கேட்டதற்கு, வேலை முடியட்டும் என்றார்கள்.

பம்பரைக் கழற்றிப் போட்டு, வண்டியை வெளியே எடுக்க முடியாத நிலைக்கு வந்த பிறகுதான் கூடுதல் கணக்கு தொடங்கியது. கனமான தகடு வேண்டும் என்று 18,000, வயரிங் தனி என்று 14,000, இறக்குமதி பிரேக் கருவி என்று 45,000 என ஒவ்வொன்றாக ஏறி, கடைசியில் 1,42,000 ரூபாயில் வந்து நின்றது.

வண்டி கைக்கு வந்ததும் தர்மபுரியில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். அவர் ஜிப்ஸியைத் தூக்கி நிறுத்தி, டார்ச் அடித்துக் காட்டினார். அடித்தகடு சேஸிஸில் போல்ட் போடப்படவில்லை. பம்பர் பிராக்கெட்டில் அங்கங்கே புள்ளி வெல்டிங் வைத்து, கசடைக்கூடத் தட்டி எடுக்காமல் மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் ஒரு வெல்டிங் பற்று பெயர்ந்து விழுந்தது. பின்விளக்கு வயர்களைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். மின்சாரம் திரும்பி ஓடாமல் தடுக்கும் டயோடு ஒன்றுகூட இல்லாததால், கேரவனில் இண்டிகேட்டர் போட்டால் ஜிப்ஸியின் டாஷ்போர்டில் விளக்கு மினுக்கியது. 45,000 ரூபாய்ப் பிரேக் கருவி என்பது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் திருகப்பட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதனுள் ஒரு ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சிவப்பு விளக்கும் இருந்தன. பிரேக் பெடலுக்கு அதிலிருந்து எந்த இணைப்பும் போகவில்லை.

இதோடு தொப்பூர் கணவாயில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளில் மோதுவது அங்கே வழக்கமான செய்தி. கிட்டத்தட்ட ஒரு டன் எடையுள்ள ஜிப்ஸி, பிரேக்கே இல்லாமல் பின்னாலிருந்து தள்ளும்போது முன்வண்டியின் பிரேக் மட்டும் எவ்வளவு தாங்கும்?

வேலையின் தரத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்றைப் பற்றிப் பட்டறைக்காரர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளின்படி, பழுதாகி நின்ற வண்டி, பாகங்கள் முழுமையாகப் பொருத்தி முடிக்கப்படாத வண்டி, பதிவு பெற்ற டிரெய்லர், சைடுகார் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் நம் சாலைகளில் இழுத்துச் செல்லக் கூடாது. நன்றாக ஓடும் ஜிப்ஸி இந்தப் பட்டியலில் எதிலும் வராது. சட்டப்படி செய்ய வேண்டுமானால் தனிப் பதிவெண் கொண்ட டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அதன் செலவும் எடைக்கணக்கும் வேறு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது என்பதால், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் கையை விரிக்க இடமுண்டு. தங்கள் தொழிலே இதுதான் என்று போர்டு வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று நான் நம்பவில்லை.

ஆகவே, எந்தப் பட்டறையானாலும் பொருள்வாரியான எஸ்டிமேட்டை ஜிஎஸ்டி எண்ணோடு எழுதி வாங்காமல் பம்பரில் கை வைக்க விடாதீர்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நேரில் கேட்ட பிறகே முன்பணம் கொடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது பல வண்டிகளில் கியர்பாக்ஸுக்கு எண்ணெய் ஏறாது, சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸே போய்விடும்.

பிரேக் பெட்டிக்கு வாங்கிய தொகையை மட்டும், அதுவும் நாங்கள் வக்கீலோடு போய் நின்ற பிறகு, திருப்பித் தந்தார்கள். மீதிப் பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. வெல்டிங்கின் புகைப்படங்களையும், வாட்ஸ்அப்பில் அவர்கள் கூடுதல் பணம் கேட்ட செய்திகளையும் மனுவோடு சேர்த்திருக்கிறோம். வாடிக்கையாளர் கேட்டதைத்தான் செய்து கொடுத்தோம் என்பது பட்டறைத் தரப்பின் பதில்.