மேட், ஹம்பக், கிராக்ட்: எதன் பகடி தேறுகிறது?

1952-ல் ஹார்வி கர்ட்ஸ்மன் தொடங்கியபோது அமெரிக்க நையாண்டி இதழ் ‘மேட்’ வெறும் 10 சென்ட் வண்ணக் காமிக்ஸ். அதன் சூட்சுமம் கோட்டில் இருந்தது. கேலிக்கு ஆளாகும் படைப்பின் ஓவிய பாணியை முதலில் அச்சு அசலாகப் பிடிப்பார்கள், கோணல் பிறகுதான் வரும். நான்காம் இதழில் வாலி வுட் வரைந்த ‘சூப்பர்டூப்பர்மேன்’ உடம்பு, நிழல், தோரணை எல்லாவற்றிலும் சூப்பர்மேனேதான். ஆனால் பத்திரிகை ஆபீஸில் அவன் எச்சில் படிக்கம் காலி செய்கிறவன். எதிராளியான கேப்டன் மார்பிள்ஸை ஜெயிப்பதும் பலத்தால் அல்ல. ஏமாற்றி, தன்னைத்தானே குத்திக்கொள்ள வைத்து. அதற்கப்புறமும் நாயகி அவனைச் சீந்துவதில்லை. வில் எல்டர் வரைந்த பக்கங்களில் சுவரொட்டிகூடத் தனி ஜோக். அவசரமாகப் புரட்டினால் பாதி போய்விடும்.

24-ம் இதழில் (1955) மேட் 25 சென்ட் கருப்பு வெள்ளைப் பத்திரிகையானது. காமிக்ஸ் தணிக்கை முத்திரை பத்திரிகைகளுக்கு வேண்டியதில்லை என்பது பெரிய லாபம். மறு வருஷம் கர்ட்ஸ்மன் விலக, ஆல் ஃபெல்ட்ஸ்டைன் ஆசிரியராக வந்தார். விற்பனை எகிறியது, வடிவம் வார்ப்பாக இறுகியது. என் ஓட்டு கர்ட்ஸ்மன் காலத்துக்கே. ஆனால் மோர்ட் டிரக்கரின் சினிமா பகடிகளில் நடிகர் முகம் கட்டத்துக்குக் கட்டம் பிசகாமல் நிற்பதைப் பார்த்தால் ஃபெல்ட்ஸ்டைன் பக்கமும் கொஞ்சம் சாயத் தோன்றும்.

கர்ட்ஸ்மனின் அடுத்த முயற்சிகள் விலையிலும் அளவிலும் அடிபட்டன. ‘பிளேபாய்’ அதிபர் ஹ்யூ ஹெஃப்னர் பணத்தில் வந்த ‘டிரம்ப்’ பத்திரிகை (1957) பளபளத் தாள், 50 சென்ட், இரண்டே இதழ். ஓவியர்களே கைக்காசு போட்ட ‘ஹம்பக்’ தொடக்கத்தில் 15 சென்ட்தான். ஆனால் காமிக்ஸைவிடச் சிறிய அளவு, கடை அலமாரியில் கண்ணிலேயே படாது. 11 இதழோடு முடிந்தது. சரக்கில் குறையில்லை, தேடிப் படிக்கலாம்.

‘கிராக்ட்’ (1958) பச்சை நகல். மேட்டுக்கு அட்டைப்பட அடையாள முகம் ஆல்ஃப்ரெட் நியூமன் என்றால் இதற்குத் துடைப்பக்கார சில்வெஸ்டர். ஓவியர் ஜான் செவெரின் கை அபாரம், எழுத்துதான் சப்பை. ‘சிக்’ (1960) அதற்கும் கீழே.

பழைய மேட் வாங்குகிறவர்கள் 1964-க்குப் பிந்தைய இதழ் என்றால் பின்னட்டையின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஆல் ஜாஃபியின் மடிப்புப் படம் அங்கேதான் இருக்கும். பக்கத்தில் குறித்த ‘ஏ’யை ‘பி’யோடு சேர்த்து மடித்தால் நடு மூன்றிலொரு பங்கு மறைந்து வேறு படமும் வேறு வாசகமும் எழும். படம் கனத்த அட்டையில் வரையப்பட்டதால் மடித்த வடிவத்தை ஜாஃபியே அச்சான பிறகுதான் பார்ப்பார். மடிப்புத் தழும்பு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.