முதலியார் ‘கிளினிக்கல் ஆப்ஸ்டெட்ரிக்ஸ்’: யாருக்கு, எந்தப் பதிப்பு?

மகப்பேறியல் போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) தொடங்கும் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் பலருக்கும் இந்தத் தடுமாற்றம் வரும்: பாடநூலாக டி.சி. தத்தா எழுதியதா, முதலியார் – மேனன் எழுதிய ‘கிளினிக்கல் ஆப்ஸ்டெட்ரிக்ஸா’? தேர்வுக்கு முந்தைய வாரம் வேகமாகப் புரட்ட, பட்டியலாகச் சொல்லும் தத்தாதான் தோது. முதலியார் பத்தி பத்தியாகப் போகும். நிதானமாக உட்கார்ந்தால்தான் மனதில் ஏறும். ஆனாலும் வார்டுக்குள் போகும் முன் படிக்க இதையே சொல்வோம்.

கர்ப்பிணியின் வயிற்றுப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கருப்பை மேலே தள்ளப்பட்டு, கர்ப்பத்தின் வாரக்கணக்கு கூடுதலாகத் தெரியும். முழங்காலைச் சற்று மடக்கிப் படுக்க வைத்தால் வயிற்றுத் தசை தளரும். விரல்நுனியால் குத்தினால் அதே தசை இறுகிவிடும். உள்ளங்கையால்தான் தடவ வேண்டும். மேலே கெட்டியாக, உருண்டையாக, தட்டினால் அசைந்து கொடுப்பது குழந்தையின் தலை. மெத்தென்று அகன்றிருப்பது பிட்டம். வலி வரும் நேரத்தில் தொட்டுப் பார்த்து முடிவுக்கு வருவதுதான் பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். கையால் அறிவதை இப்படிக் காரணத்தோடு புரிந்துகொள்ள பட்டியல் போதாது, விவரித்து எழுதிய பத்தி வேண்டும்.

நூல் முதலில் வந்தது 1938இல். எழுதிய ஆ. லட்சுமணசுவாமி முதலியார் 1887இல் கர்நூலில் பிறந்தவர். இரட்டையரில் ஒருவர், மற்றவர் ஆ. ராமசாமி முதலியார். சென்னை மருத்துவக் கல்லூரியில் மகப்பேறியல் பேராசிரியராக இருந்து, அதன் முதல் இந்திய முதல்வரானார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவிக்கு வந்தவர் 1969 வரை, 27 ஆண்டுகள், அங்கேயே இருந்தார். இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரனை இயற்பியல் துறைக்கு அழைத்து வந்ததும் அந்தக் காலத்தில்தான். தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் புரதமான கொலாஜனின் மும்முறுக்கு வடிவம் 1954இல் அங்கிருந்து வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்குத் தலைமை வகித்தார். 1952–53இல் அவர் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பொதுத்தேர்வுகளைக் குறைத்து மாணவரின் பள்ளிப் பதிவேட்டுக்கும் மதிப்பளிக்கச் சொன்னது. அப்படிப்பட்டவரின் நூல் மனப்பாடத்துக்கு வளைந்து கொடுக்காததில் வியப்பில்லை.

பின்னாளில் எம்.கே. கிருஷ்ண மேனன் இணையாசிரியரானார். அண்மைப் பதிப்புகளைத் திருத்தியவர்கள் சரளா கோபாலனும் வனிதா ஜெயினும்.

பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். பரிசோதனை முறை மாறவில்லை, சிகிச்சை மாறிவிட்டது. கருப்பை வாய் 4 செ.மீ. திறந்தாலே தீவிரப் பிரசவம் (பிரசவத்தின் வேகமான கட்டம்) என்ற கணக்கை 2018இல் உலக சுகாதார நிறுவனம் 5 செ.மீ. ஆக்கியது. மணிக்கு 1 செ.மீ. திறந்தாக வேண்டும் என்ற விதியையும் கைவிட்டது. இயல்பாக முன்னேறும் பலருக்கு அந்த விதியால் தேவையில்லாமல் வலியைத் தூண்டும் மருந்தான ஆக்சிடோசினும் சிசேரியனும் போய்ச் சேர்ந்தன. பிரசவ முன்னேற்றத்தைக் குறித்துவைக்கும் வரைபடமான பார்ட்டோகிராமுக்குப் பதிலான புதிய படிவம் 2020இல் வந்தது. 2018க்கு முந்தைய பதிப்பில் இவை எதுவும் இருக்க வழியில்லை. அட்டையை நம்பாமல், உள்ளே அச்சிட்ட ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.