எச்சரிக்கை: "அப்ரூவ்டு மனை" என்றதும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்

வீடு கட்ட ஆரம்பிக்கலாம் என்று தற்காலிக இணைப்பு கேட்டு இன்று மத்தியானம் ஈ.பி. ஆபீஸ் போனேன். என் மனைக்கும் கடைசியாகக் கம்பி வந்து நிற்கிற கம்பத்துக்கும் நடுவே இன்னும் ஆறு கம்பம் நட வேண்டுமாம், செலவு என்னுடையதாம். அந்த எஸ்டிமேட் சட்டைப் பையில் இருக்கும்போதே இதை எழுதுகிறேன். இந்தக் கம்பத்துக்கும் சேர்த்துத்தான் போன வருஷம் மனை விற்ற கம்பெனிக்கு 1,80,000 ரூபாய் கொடுத்தேன். ரொக்கம், ரசீது கிடையாது. திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம், வீட்டில் ஏற்கெனவே திட்டி முடித்துவிட்டார்கள்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. போடாதீர்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். செங்கல்பட்டுப் பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே, வயலாக இருந்த நிலத்தைப் பிரித்து மனை போட்டு விற்கிற கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து வேன் விடுவார்கள், மத்தியானம் பிரியாணி உண்டு. அந்தப் பக்கம் இப்படி எத்தனையோ கம்பெனி இருக்கிறது, அதனால் இதை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது.

மாசி மாசம், அம்மாவையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். கூட வந்த கம்பெனிப் பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். வேனிலிருந்து இறங்கியதும் அம்மாவுக்குக் குடை பிடித்தான். வெயிலில் நாங்கள் சுற்றிய முக்கால் மணி நேரமும் குடையைத் தன் தலைக்குக் கொண்டுபோகவே இல்லை. ப்ளூபிரிண்டை வேன் பானெட் மேல் விரித்து அங்கீகார எண்ணையும் முத்திரையையும் காட்டினான். 2016-இல் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டதிலிருந்து இந்த "அப்ரூவ்டு" என்ற சொல் ஒரு மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. அதைக் கேட்டதும் வேறு எதையும் கேட்கத் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அப்புறம் அவன் ஒரு வேலை செய்தான். பையிலிருந்து டேப்பை எடுத்து, ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையோடு குறுக்கே நடந்தான். டேப் 9 மீட்டர் காட்டியது. "நம்ம கணக்குல முப்பது அடி ரோடு சார். ரெண்டு லாரி எதிரெதிரா போலாம்மா," என்று அம்மாவிடம் சொன்னான். வேனில் திரும்பும்போது அம்மா, "இவ்ளோ மரியாதையா பேசுற பிள்ளை பொய் சொல்லாதுடா," என்றாள். அவன் பொய் சொல்லவில்லைதான். இன்றைக்குப் போய் அளந்தாலும் 9 மீட்டர் இருக்கும். அகலம் சரியாக இருக்கிறது, ரோடுதான் இல்லை.

அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி. மனை விலை போக சதுர அடிக்கு 150 ரூபாய் "டெவலப்மென்ட் சார்ஜ்" என்றார்கள். தார் ரோடு, இரண்டு பக்கமும் மழைநீர் வடிகால், தெருவிளக்கு, ஈ.பி. லைன், ஓவர்ஹெட் டேங்க், ஒவ்வொரு மனைக்கும் தண்ணீர்க் குழாய், எல்லாம் ஆறு மாசத்தில். ஆக 1,80,000. "பத்திரத்துல ஏத்தினா உங்களுக்குத்தான் சார் ஸ்டாம்ப் செலவு ஏறும், கேஷா குடுத்துடுங்க," என்றார் மேனேஜர். எனக்கு ஏதோ உபகாரம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு, சீட்டு எடுத்த பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். பத்திரத்தில் "மனையை நேரில் பார்வையிட்டு, வசதிகள் குறித்துத் திருப்தி அடைந்து" என்று ஒரு வரி வரும். அதன் கீழேதான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது அங்கே என்ன இருக்கிறது? நுழைவாயிலில் பெரிய ஆர்ச். அதிலிருந்து நூறடிக்குத் தார். போன மாசம் அதன்மேல் ஸ்கூட்டரை சைடு ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினேன், ஸ்டாண்ட் உள்ளே இறங்கிவிட்டது. பிடுங்கினால் தார் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. கீழே ஒரு ஜல்லி கிடையாது, வெறும் செம்மண். வடிகால் கட்டியிருக்கிறார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் அது போய்ச் சேர ஒரு வாய்க்காலும் இல்லை, கடைசி மனையின் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஐப்பசியில் பெய்த மழை கார்த்திகை வரைக்கும் அதிலேயே கிடந்தது.

தண்ணீர்க் குழாய் கதைதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு மனை ஓரத்திலும் நீல நிறத்தில் ஒரு குழாய், மூடி போட்டு, மனை நம்பர் எழுதி, அழகாக நீட்டிக்கொண்டிருக்கும். வாங்கும்போது அதை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்கூட வைத்தேன். சித்திரையில் மூடியைத் திறந்து பார்க்கலாம் என்று திருகினேன், இறுகியிருந்தது. கொஞ்சம் பலமாக இழுத்தேன். குழாயே கையோடு வந்துவிட்டது. மொத்தமே இரண்டடி நீளம். அடியில் எதோடும் சேரவில்லை, செடி நடுகிற மாதிரி நட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்து மனையில் இழுத்தேன், அதுவும் வந்தது. எதிர் மனைக்காரர் அவருடையதைத் தானே பிடுங்கி என்னிடம் காட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் மறுபடி நட்டு வைத்தார்.

போன் பண்ணாமல் இல்லை. முதலில் "ஆடி போகட்டும் சார், ஆடியில ஒண்ணும் தொடங்க மாட்டோம்" என்றார்கள். அடுத்து மழை. மழை விட்டதும் தார் விலை ஏறிவிட்டது, கான்ட்ராக்டர் கணக்குச் சரியாகவில்லை. மார்கழியில் மேனேஜரே எடுத்து, "தை பிறந்தா வழி பிறக்கும் சார்," என்றார். ரோடு கேட்டு நிற்கிறவனிடம் இதைச் சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். தை பிறந்தது, அந்த மேனேஜர் வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். குடை பிடித்த பையன் நம்பர் இப்போது சுவிட்ச் ஆஃப். அடுத்த ஆடி வாசலில் நிற்கிறது.

ஊராட்சி அலுவலகத்துக்கும் போனேன். அங்கே ஒரு ரெஜிஸ்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரோடெல்லாம் எங்க பேருக்குத் தானப் பத்திரம் எழுதிட்டாங்களே சார். ரோடு எங்களுக்கு வந்துருச்சு, போடுறதுக்குத்தான் ஃபண்ட் வரல," என்றார் எழுத்தர். லேஅவுட்டுக்கு, அதாவது மனைப்பிரிவுக்கு, ஒப்புதல் வாங்கும்போது ரோட்டு நிலத்தை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் பூங்காவுக்கு 10 சதவீத இடத்தையும் அப்படியே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுப்பது நிலம்தான். கம்பெனியைக் கேட்டால் "இப்ப அது பஞ்சாயத்து ரோடு" என்கிறார்கள், பஞ்சாயத்தைக் கேட்டால் "போட்டுக் குடுக்க வேண்டியது அவங்க" என்கிறார்கள். நடுவில் என் 1,80,000. பூங்கா என்று விட்ட இடத்தில் இப்போது கருவேலம் நன்றாக வளர்ந்திருக்கிறது.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கோபத்தில் கதையே நீண்டுவிட்டது. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். ரொக்கமாக "டெவலப்மென்ட் சார்ஜ்" கேட்டால் கொடுக்காதீர்கள், பத்திரத்திலோ ஒப்பந்தத்திலோ ஏறாத பணம் கொடுக்காத பணம்தான். ஒப்புதல் கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் பார்க்காமல் நிபந்தனைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், ரோடும் வடிகாலும் யார் பொறுப்பு என்று அதில் தேடுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு மனைக்கு மேலோ இருந்தால் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு வேண்டும். போர்டில் இருக்கிற எண்ணை நம்பாமல் ரெரா இணையதளத்தில் போட்டு, வேலையை எப்போது முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் அதைப் பணம் போன பிறகுதான் பார்த்தேன். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று ரெரா சட்டத்தின் 13-ஆம் பிரிவே சொல்கிறது. அப்புறம், குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்.

மனையை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் வசதிகளில் குறை தெரிந்தால் கம்பெனி தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவில் இருக்கிறதாம், வக்கீல் சொன்னார். அதை வைத்து ரெராவில் புகார் கொடுக்கப் போகிறோம். இதுவரை பதினோரு பேர் சேர்ந்திருக்கிறோம், எல்லாருமே ரொக்கம், யாரிடமும் ரசீது இல்லை. அதே லேஅவுட்டில் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், காசு கொடுத்ததற்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் இருந்தால்கூடப் போதும், தயவுசெய்து தொடர்பு கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையும் வேன் புறப்படுகிறது, இரண்டாவது பேஸ் விற்கிறார்களாம்.