குன்னூர் வீட்டிலிருந்து டோர்: ரிலேயா, பிரிட்ஜா, ஸ்னோஃப்ளேக்கா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டு இணைப்பை வைத்து டோர் நெட்வொர்க்குக்கு ஏதாவது செய்ய நினைத்தால், என் ஓட்டு ஸ்னோஃப்ளேக்குக்கு. ரிலேதான் வேண்டும் என்பவர்கள் அதை வாடகை சர்வரில் வைத்துக்கொள்ளலாம். வீட்டிலேயே ரிலே என்பது கோயம்புத்தூரில் சரிப்பட்டு வரலாம். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறிவிட்டால் கணக்கு வேறு. மூன்றையும் ஓட்டிப் பார்த்து இரண்டை மட்டும் வைத்துக்கொண்டவன் எழுதுவது இது, அதனால் நடுநிலை என்றெல்லாம் நடிக்கப் போவதில்லை.

டோர் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். யார் எந்தத் தளத்தைப் பார்க்கிறார் என்பதை மறைக்கும் நெட்வொர்க் இது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் 1990களின் நடுவில் பிறந்த யோசனை. 2002-ல் நெட்வொர்க்காக ஓடத் தொடங்கியது. 2006-லிருந்து டோர் புராஜெக்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அதைக் கவனித்துக்கொள்கிறது. நீங்கள் டோர் பிரவுசரில் ஒரு தளத்தைத் திறந்தால், அந்தப் போக்குவரத்து மூன்று கணினிகள் வழியாகப் போகும். முதல் கணினிக்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசிக் கணினிக்கு எங்கே என்று தெரியும், யார் என்று தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. இந்தக் கணினிகளைத் தன்னார்வலர்கள்தான் சொந்தச் செலவில் ஓட்டுகிறார்கள். இவைதான் ரிலே. பிரிட்ஜும் ஸ்னோஃப்ளேக்கும் டோர் தடுக்கப்பட்ட நாடுகளில் இருப்பவர்களை உள்ளே சேர்க்கும் வாசல்கள், அவற்றைப் பின்னால் பார்ப்போம்.

கடைசியாக நிற்கும் எக்சிட் ரிலேயைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். யார் எந்தத் தளத்தில் என்ன செய்தாலும் அங்கே பதிவாவது எக்சிட்டின் ஐபி முகவரி. யாரோ செய்த காரியத்துக்கு உங்கள் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும். டோர் புராஜெக்டே வீட்டில் எக்சிட் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. நான் ஓட்டியதில்லை, ஓட்டும் எண்ணமும் இல்லை.

நடு ரிலேயில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் எல்லா ரிலேக்களின் ஐபி முகவரிகளும் பொதுப் பட்டியலில் இருக்கும். எக்சிட் எது, நடுவில் இருப்பது எது என்று பிரித்துப் பார்க்கப் பொறுமை இல்லாத சில தளங்கள் அந்தப் பட்டியலை மொத்தமாகத் தடுத்துவிடுகின்றன. எங்கள் வீட்டில் ஒரு டிக்கெட் தளம் திறக்க மறுத்தது. “நெட்டுல என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?” என்ற கேள்விக்கு நான் சொன்ன விளக்கம் வீட்டில் எடுபடவில்லை. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் அதே தளம் திறந்தது.

அப்புறம் டேட்டா கணக்கு. ரிலேவுக்கு இரண்டு திசையிலும் 16 எம்பிபிஎஸ் இருந்தால் நல்லது என்பது டோர் புராஜெக்டின் பரிந்துரை. அது நொடிக்கு 2 மெகாபைட். இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு 5 டெராபைட்டுக்கு மேல் உள்ளே வரும், அதே அளவு வெளியே போகும். ‘அன்லிமிடெட்’ என்று விற்கப்படும் பல ஃபைபர் திட்டங்களில் 3,300 ஜிபி தாண்டினால் வேகம் படுத்துவிடும். ரிலேவின் அமைப்புக் கோப்பில் அக்கவுண்டிங்மேக்ஸ் என்ற வரியால் மாத வரம்பு போடலாம்தான். அதிலும் கவனம் தேவை: டோர் வழக்கமாக உள்ளே, வெளியே இரண்டில் எது அதிகமோ அதை மட்டும் எண்ணும். கனெக்‌ஷன் கொடுத்தவர் இரண்டையும் கூட்டி எண்ணுவார். வீட்டுக்கென்று 500 ஜிபி ஒதுக்கினால் ரிலேவுக்கு 1,400 என்றுதான் எழுத வேண்டும், 2,800 என்று அல்ல.

இன்னொன்று, ரிலேவுக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய ஐபிவி4 (பழைய வகை ஐபி) முகவரி கட்டாயம். நம் பக்கம் பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. தனி முகவரி வேண்டுமென்றால் கேட்டு, மாதாமாதம் கூடுதல் பணம் கட்ட வேண்டும்.

சரி, பணம் கட்டியாயிற்று, வரம்பும் போட்டாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். பிறகும் வீட்டு ரிலே இங்கே தேறாததற்குக் காரணம் ஒன்றுதான்: கரண்ட்.

புது ரிலேவை நெட்வொர்க் உடனே நம்பாது. முதல் சில நாள் பெரும்பாலும் சும்மா இருக்கும். பிறகு அதன் வேகத்தை அளந்து பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போக்குவரத்தைத் தருவார்கள். எட்டாவது நாளுக்கு மேல்தான் முதல் கணினியாக நிற்கும் ‘கார்டு’ (guard, அதாவது காவலர்) தகுதி கிடைக்க வாய்ப்பு. அதற்குப் பிறகும் முழு ஓட்டத்துக்கு வர மொத்தம் 68 நாள் வரை ஆகலாம். இதையெல்லாம் தீர்மானிக்கும் டைரக்டரி சர்வர்கள் மணிக்கொரு முறை கூடி, எந்த ரிலே விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று பட்டியல் போடுகின்றன. 98 சதவீத நேரம் விழித்திருந்தால் கார்டு தகுதிக்கு நேரம் ஒரு தடையாக இருக்காது.

98 சதவீதம் என்பதைச் சும்மா படித்தால் எளிதாகத் தெரியும். மாதக் கணக்கில் பார்த்தால், அணைந்திருக்க உங்களுக்குக் கிடைப்பது சுமார் 14 மணி நேரம். பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தி மாலையில் விடும் ஒரு நாளிலேயே அதில் பாதி போய்விடும். மீதியை, கம்பியில் சாயும் ஒரு சில்வர் ஓக் மரம் பார்த்துக்கொள்ளும். குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது பலருக்கும் நினைவிருக்கும். எந்தப் பருவமாக இருந்தாலும் கதை ஒன்றுதான்: மரம் சாயும், கம்பி அறும், லைன்மேன் மழையில் நடந்து வந்து சேர வேண்டும். 1930களிலிருந்து பைக்காராவில் மின்சாரம் எடுக்கும் மலை இது. மின்சாரத்துக்குக் குறைவில்லை; கடைசிக் கம்பம்தான் நிற்பதில்லை.

“இன்வெர்ட்டர் வைத்தால் தீர்ந்தது” என்பார்கள். நானும் வைத்திருக்கிறேன். ரவுட்டருக்குத் தனியாக ஒரு மினி யூபிஎஸ்ஸும் உண்டு. வீட்டில் எல்லா விளக்கும் எரியும், ஆனால் நெட் இருக்காது. ஏனென்றால் கேபிள்காரர் தெருமுனையில் வைத்திருக்கும் பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். அதில் இருக்கும் பேட்டரி சில மணி நேரத்தில் படுத்துவிடும். அதுவும் அடிக்கடி கரண்ட் போகும் வாரத்தில், மறுபடி முழுதாக ஏறுவதற்குள் அடுத்த தடை வந்துவிடும். ஃபைபரும் அதே கம்பங்களில்தான் தொங்குகிறது, மரம் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே அறுந்து விழும். என் வீட்டுக்குள் எவ்வளவு செலவு செய்தாலும் அந்தப் பெட்டிக்கு நான் பொறுப்பாளி இல்லை. இதற்கு இங்கிருந்து தீர்வு எதுவும் இல்லை.

போதாக்குறைக்கு ஏப்ரல், மே மாதக் கோடை இடி. இடி இடிக்க ஆரம்பித்தால் டிவி, ரவுட்டர், சார்ஜர் எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து பிடுங்கிவிடுவது இங்கே வீட்டுக்கு வீடு வழக்கம். அம்மாவிடம் போய் “ரிலேவை மட்டும் விட்டுவிடுங்கள், அதற்கு 98 சதவீதம் வேண்டும்” என்று சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது, அவர் செய்வதுதான் சரி.

பட்டென்று அணையும் ரிலேவால் எனக்கு மட்டும் நஷ்டம் என்றால் பரவாயில்லை. அந்த நேரத்தில் அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்த அத்தனை இணைப்புகளும் அறுந்துவிடும். ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியில் ஓட்டுபவர்களுக்கு மெமரி கார்டு கெட்டுப்போகும் தொல்லை வேறு. கீஸ் என்ற கோப்புறையை வேறெங்காவது நகலெடுத்து வைத்திருக்காவிட்டால், கார்டோடு ரிலேவின் அடையாளமும் போய், முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரிட்ஜ் என்பது பொதுப் பட்டியலில் இல்லாத நுழைவாயில். டோரைத் தடுக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்காக ஏற்பட்டது. 1 எம்பிபிஎஸ்கூடப் போதும். பட்டியலில் இல்லாததால் டிக்கெட் தளத் தகராறும் இல்லை. ரஷ்யா டோரைத் தடுக்கத் தொடங்குவதற்குச் சற்று முன், 2021 நவம்பரில், புதிதாக 200 பிரிட்ஜ் வேண்டும் என்று டோர் புராஜெக்ட் கேட்டது; இந்த வகையை அப்போதுதான் பலர் கவனித்தார்கள். மனதளவில் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் பிரிட்ஜின் முகவரி ஒருவர் கையில் ஒரு வரியாகப் போய்ச் சேருகிறது. கஷ்டப்பட்டு வாங்கிய அந்த வரியை அவர் பத்திரமாக வைத்திருப்பார். நம் ஐபி மாறினால் அந்த வரி செல்லாது. கோத்தகிரி ரோட்டில் மரம் விழுந்தால் எங்கோ ஒருவருக்கு வழி அடைந்துவிடும். ரிலே போனால் நெட்வொர்க் வேறொன்றை எடுத்துக்கொள்ளும். பிரிட்ஜ் போனால், அந்த ஆளிடம் வேறொன்று இருக்கிறதா என்பது நமக்குத் தெரியாது.

வாடகை சர்வரைப் பற்றிக் குறைவாகவே சொல்லப் போகிறேன், ஓட்டி அதிக காலம் ஆகவில்லை. கரண்ட் கவலை அடியோடு போய்விடுகிறது. மாதம் ஐநூறு ரூபாயைச் சுற்றிச் செலவு. வெளிநாட்டு நிறுவனமென்றால் பணம் தானாகக் கட்டப்படும் என்று நம்பிவிடாதீர்கள். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிகளால் கார்டில் தானியங்கிப் பிடித்தம் பல இடங்களில் ஓடவில்லை. காலண்டரில் குறித்து வைத்து நாமே கட்டுவது நல்லது. ஹெட்ஸ்னர், ஓவிஎச் போன்ற சர்வர் வாடகை நிறுவனங்களில் ஏற்கெனவே ரிலேக்கள் குவிந்து கிடக்கின்றன. முடிந்தால் அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது டோர் புராஜெக்ட். எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தால் கண்காணிப்பவருக்கு வேலை எளிது. இந்திய டேட்டா சென்டர் என்றால், 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவின்படி வாடிக்கையாளர் விவரங்களை அவர்கள் ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். ரிலே ஓட்டுவதை நான் ஒளித்துச் செய்யவில்லை, அதனால் எனக்கு அது பொருட்டில்லை, உங்களுக்கு எப்படியோ. மென்பொருளைப் புதுப்பிக்காமல் விட்டால் பழைய பதிப்புகளை நெட்வொர்க்கே ஒதுக்கிவிடும், எனவே தானியங்கிப் புதுப்பித்தலைப் போட்டுவிடுங்கள்.

இனி ஸ்னோஃப்ளேக். வீடியோ கால் பேசப் பயன்படும் அதே வெப்ஆர்டிசி நுட்பத்தில் ஓடுவது. தடை உள்ள நாட்டில் ஒருவர் டோர் பிரவுசரைத் திறந்தால், நடுவில் ஒரு தரகு சர்வர் அவரை உங்கள் கணினியோடு கோத்துவிடும். அவருடைய போக்குவரத்து உங்களிடம் வந்து, அங்கிருந்து ஸ்னோஃப்ளேக்கின் சொந்த சர்வருக்குப் போய், பிறகு வழக்கமான ரிலேக்களுக்குள் நுழையும். அவர் பார்க்கும் தளத்துக்கு உங்கள் ஐபி தெரியாது. தனி ஐபி வேண்டாம், ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறக்க வேண்டாம்.

முக்கியமானது, இது அணைந்து அணைந்து எரியும் கணினிகளுக்காகவே வடிவமைக்கப்பட்டது. யாரோ பிரவுசரை மூடுவார், யாரோ லேப்டாப்பை மடிப்பார் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்துச் செய்திருக்கிறார்கள். நீங்கள் பாதியில் போய்விட்டால் அந்த ஆளை வேறொரு ஸ்னோஃப்ளேக்கில் சேர்த்து, விட்ட இடத்திலிருந்து தொடர வைக்கும். பர்லியாறில் பஸ் ரிப்பேராகி நின்றால் அதே டிக்கெட்டோடு பின்னால் வரும் பஸ்ஸில் ஏற்றிவிடுவது போலத்தான். 68 நாள் சேர்த்த நல்ல பெயர் ஒரு மழையில் போவதற்கு இங்கே பெயர் என்ற ஒன்றே இல்லை. கரண்டும் நெட்டும் வந்து லேப்டாப் ஓடத் தொடங்கியதும் தானாக வேலையைத் தொடங்கும். 2022 செப்டம்பரில் ஈரானில் போராட்டம் வெடித்து இணையத்தை நெரித்தபோது ஸ்னோஃப்ளேக்கைத் தேடி வந்தவர்கள் திடீரென்று பெருகினார்கள். அவர்களைத் தாங்கியதில் இப்படி விட்டு விட்டு எரியும் வீட்டுக் கணினிகளுக்கும் பங்கு உண்டு.

நிறுவுவதும் சுலபம். பிரவுசர் எக்ஸ்டென்ஷனாகப் போட்டால் ஒரு சொடுக்கு. நான் டெபியன் லினக்ஸில் தனிப் பொதியாகப் போட்டிருக்கிறேன். மணிக்கொரு முறை எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு டேட்டா போனது என்று லாக் என்ற பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதும். கரண்ட் பில்லைப் பொறுத்தவரை, 20 வாட் இழுக்கும் பழைய லேப்டாப் இரண்டு மாதத்தில் 29 யூனிட்டுக்குள், ராஸ்பெரி பை என்றால் 7 யூனிட்தான். ஃபேனே இல்லாத மலை வீட்டில், கீசரை அளவாகப் போட்டால், இலவச 100 யூனிட்டுக்குள்ளேயே அடங்கும். பனிமூட்டத்தில் ஜன்னலோரம் மட்டும் வைக்காதீர்கள். இங்கே சூட்டைவிட ஈரம்தான் எலெக்ட்ரானிக்ஸைத் தின்கிறது.

குறைகளும் உண்டு. டோரின் மொத்தக் கொள்ளளவை இது கூட்டுவதில்லை. வாசலை மட்டும் அகலப்படுத்துகிறது, உள்ளே சுமப்பது ரிலேக்கள்தான். எல்லா ஸ்னோஃப்ளேக்கும் கடைசியில் அந்தத் திட்டத்தின் சில சர்வர்கள் வழியாகத்தான் போகிறது. உங்களோடு இணைபவரின் ஐபி உங்கள் கணினிக்குத் தெரியும், எனவே ஆர்வக்கோளாறில் யார் யார் என்று பதிவு செய்து வைக்கக் கூடாது. ரிலேவுக்கு டோரின் தளத்தில் நீங்கள் வைத்த பெயரில் ஒரு பக்கமே இருக்கும், நண்பர்களுக்குக் காட்டிக்கொள்ளலாம். இதில் அதெல்லாம் கிடையாது. எனக்கு அது ஒரு சின்ன வருத்தம்தான்.

என் இணைப்பு இப்போது பகிர்ந்த ஐபிக்குப் பின்னால் இருப்பதால் லாக்கில் நேட் (ஒரே ஐபியைப் பலர் பகிரும் முறை) வகை ‘ரெஸ்ட்ரிக்டெட்’, அதாவது கட்டுப்பாடு உள்ளது, என்று வருகிறது. அதனால் எல்லோரோடும் என்னைக் கோக்க முடியாது, வருபவர்கள் குறைவு. தனி ஐபி உள்ளவர்களுக்குப் போக்குவரத்து இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அதை நான் அனுபவத்தில் பார்த்ததில்லை, ஆகவே முதல் மாதம் டேட்டா மீட்டரில் ஒரு கண் இருக்கட்டும். கூடிப்போனால் கெபாசிட்டி என்ற அமைப்பில் ஒரே நேரத்தில் இத்தனை பேர் போதும் என்று எண் கொடுத்துவிடலாம்.

டவுனுக்குள், கரண்ட் அதிகம் போகாத லைனில், தனி ஐபியோடு, பேட்டரியை ஒழுங்காகக் கவனிக்கும் கேபிள்காரரும் அமைந்தவர்கள் சிலர் இருப்பீர்கள். நீங்கள் பிரிட்ஜ் போடுங்கள். அதற்கு முன் ஒரு மழைக்காலம் முழுக்க ரவுட்டர் எவ்வளவு நேரம் நெட் இல்லாமல் கிடந்தது என்று எழுதி வையுங்கள். மாதத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டினால் ஸ்னோஃப்ளேக்குக்கே வந்துவிடுங்கள்.