ஜுமாலிகிஸிக்: காலைச் சாப்பாட்டு நேரத்துக்குப் போனால்தான் சரி

கொழும்பில் வாங்கும் துருக்கிச் சுற்றுலாவில் பர்ஸா நகருக்கு ஒரு நாள் இருந்தால், முகவரிடம் ஒன்று கேளுங்கள்: ஜுமாலிகிஸிக்கில் காலைச் சாப்பாடு உண்டா? படம் எடுக்க அரை மணிநேரம் இறக்கிவிடுவது மட்டும்தான் என்றால் அதற்காக மேலதிகக் காசு கொடுக்காதீர்கள்.

உலுதா மலையின் வடக்குச் சரிவில் உள்ள இந்த ஊர், 2014இல் பர்ஸாவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பெயரின் முதல் பகுதி நம்முடைய ஜும்ஆதான். 'லி' என்றால் அது உள்ள இடம். கிஸிக் என்பது ஓகுஸ் துருக்கியரின் ஒரு குலம். சுற்றியுள்ள கிஸிக் ஊர்க்காரர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு இங்கே கூடியதால் இப்பெயர் என்பார்கள். ஹமாம்லிகிஸிக், ஃபித்யேகிஸிக் என்ற அயலூர்களும் உண்டு.

தனியாகப் போவது கஷ்டமில்லை. இஸ்தான்புல்லின் எமினோனுவில் படகு ஏறினால் சுமார் 2 மணிநேரத்தில் பர்ஸாவின் துறைமுகமான முதான்யா. பலத்த தெற்குக் காற்று வீசினால் படகு ரத்தாகும், ஆகவே முதல்நாளே பர்ஸாவில் தங்குவது நல்லது. பர்ஸாவிலிருந்து கெஸ்தெல் பக்கம் போகும் மெட்ரோவில் ஊரின் பெயருள்ள நிலையத்தில் இறங்கி, மேட்டுப் பாதைக்கு மினிபஸ்ஸோ டாக்சியோ பிடியுங்கள். ஞாயிறு வேண்டாம், பர்ஸா முழுவதும் அங்கேதான் நிற்கும். கல் பாவிய தெருக்கள் மழையில் வழுக்கும், செருப்போடு போகாதீர்கள்.

வீட்டு முற்றங்களில் பரிமாறும் 'செர்ப்மே' காலைச் சாப்பாட்டுக்கு ஆள் கணக்கில்தான் காசு. பாலாடைக்கட்டி, ஒலிவ், ஜாம், தேன், முட்டை என்று மேசை நிறையும். கெய்மாக் என்ற கெட்டிப் பாலேட்டைத் தேனோடு பாணில் பூசிச் சாப்பிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். உட்காருமுன் இரண்டு விஷயம் கேட்க வேண்டும்: தேநீர் கணக்கில் சேர்ந்ததா, கொஸ்லெமே தனிக்காசா? கேட்காவிட்டால் பில்லில் தெரியும். கொஸ்லெமே என்பது மெல்லிய மாவை இரும்புத் தட்டில் சுட்ட ரொட்டி. கீரை வைத்தது உருளைக்கிழங்கை விட நல்லது. உறைப்பு கிடையாது, 'புல் பிபெர்' கேட்டால் மிளகாய்த்தூள் வரும். முட்டையோடு வரும் சுஜுக் என்ற தொத்திறைச்சி பெரும்பாலும் மாட்டிறைச்சி. சாப்பிடாதவர்கள் 'எத்சிஸ்' (இறைச்சி இல்லாமல்) என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

வாசல்களில் பெண்கள் விற்கும் ராஸ்பெரி ஜாம் வாங்கத் தக்கது. போத்தலைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள்.